முதலில் சத்தத்தை நிறுத்தும்

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்க வந்து ஒரு தவணைதான் ஆகிறது, பிள்ளைகள் குறிப்பைப் பாடமாக்குகிறார்களே தவிர ஒரு சம்பவம் எப்படிச் செய்தியாகிறது என்பது பிடிபடவில்லை, ஆகவே தொலைக்காட்சிச் செய்திகளைப் போட்டுக் காட்டிப் படிப்பிக்கப் போகிறேன், நல்ல காணொளிகளாக ஒரு பட்டியல் அனுப்புங்கோ என்று எழுதியிருந்தீர். உம்மைப்போல வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் வாசிக்கக்கூடிய மாதிரிப் பொதுவில் எழுதுகிறேன்.

எண்ணம் சரியானது. நான் பத்திரிகை மேசைக்குப் போன காலத்தில் எங்களுக்கு இப்படிச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. பிழை விட்டு விட்டுத்தான் படித்தோம். ஆனால் நீர் எதிர்பார்க்கிற பெரிய பட்டியல் உமக்குத் தேவையில்லை. சிறந்த செய்திப்படங்களாகத் தேடித் திரியவும் வேண்டாம். அவசரத்தில் எடுத்த இரண்டு நிமிடச் செய்தி ஒன்றை வைத்து ஒரு கிழமை முழுக்கப் படிப்பிக்கலாம்.

எங்கள் கொடிகாமம் சந்தையிலிருந்தே தொடங்கும். 2024 முடியும்போது தேங்காய் விலை ஏறி ஒரு காய் 200 ரூபாவைத் தொட்டது. அந்த நாட்களில் இரவுச் செய்தியில் தேங்காய் வராத நாள் குறைவு. அதில் ஏதாவது ஒன்றை எடுத்து வகுப்பில் போட்டு, முதலில் சத்தத்தை முற்றாக நிறுத்தும். பிள்ளைகள் முறுமுறுப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். படம் மட்டும் ஓடட்டும். எத்தனை இடத்தில் காட்சி வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, கமெரா எங்கே நின்றது, யாருடைய முகம் எத்தனை விநாடி திரையில் இருந்தது என்று கொப்பியில் எழுதச் சொல்லும். பெரும்பாலும் கொழும்பில் ஒரு கடை, பை தூக்கிய ஒரு பெண், பிறகு மைக்குகளுக்குப் பின்னால் ஓர் அமைச்சர், அவ்வளவுதான் இருக்கும். இரண்டாம் முறை திரையை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வையும். வாசிக்கப்படும் வசனங்களில் எத்தனை, முதலில் கண்ட படத்தால் உறுதிப்படுகின்றன? மக்கள் பெரும் சிரமத்தில் இருக்கிறார்கள் என்ற வசனம் அந்த ஒரு பெண்ணை நம்பித்தான் சொல்லப்பட்டதா? படத்தையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது மூன்றாம் முறைதான்.

பிறகு கேளும், இதில் யார் இல்லை என்று. தென்மராட்சிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விக்கு ஆசிரியரின் உதவி தேவைப்படாது. மரம் ஏறுகிறவர் இல்லை. காணிக்காரர் இல்லை. கச்சாயிலிருந்தும் வரணியிலிருந்தும் விடிய முன்னம் காய் கொண்டுவந்து குவிக்கிறவர் இல்லை. இங்கே குவியலாகப் போன விலைக்கும் அங்கே ஒற்றைக் காயாக விற்ற விலைக்கும் நடுவில் காசு யாருடைய கையில் நின்றது என்ற கேள்வி இல்லவே இல்லை. அதிகாரிகள் வறட்சியைச் சொன்னார்கள், குரங்கைச் சொன்னார்கள். சரி, கேட்டு எழுதத்தான் வேண்டும். ஆனால் வகுப்பில் ஒரு பெடியன் எழும்பி, "என்ரை அப்பா மரம் ஏறுறவர், காய் குறைஞ்சு போச்சு எண்டு அவர் எப்பவோ சொன்னவர்" என்று சொன்னால், அந்த நிமிடத்தில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவனைக் கதைக்க விடும். திரையில் ஓடிய செய்தி தேடிப் போகாத ஆளின் வீட்டிலிருந்து அவன் வந்திருக்கிறான்.

அடுத்தது இழுவைப்படகு. எங்கள் கடற்கரையில் றோலர் என்பார்கள். இதைத் தெரிந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிங்களச் செய்தியையும் தமிழ்ச் செய்தியையும் ஒப்பிட்டால் பிள்ளைகள் எல்லாப் பழியையும் மொழியின் தலையில் போட்டுவிடுவார்கள். இதில் அந்தச் சாட்டு இல்லை. ஒரே கடல், ஒரே சம்பவம், இரண்டு கரையிலும் தமிழ். இலங்கைக் கடற்படை தமிழகப் படகுகளைப் பிடித்த ஒரு நாளை எடுத்து, சென்னை அலைவரிசை ஒன்றின் செய்தியையும் யாழ்ப்பாணத்து அலைவரிசை ஒன்றின் செய்தியையும் அடுத்தடுத்துப் போடும். அங்கே தமிழக மீனவர் சிறைபிடிப்பு. இங்கே அத்துமீறிய இழுவைப்படகு மடக்கிப் பிடிப்பு. அங்கே கமெரா இராமேஸ்வரத்தில் அழுகிற மனைவியின் முகத்தில் நிற்கும். இங்கே கரையில் கிடக்கும் அறுந்த வலையில் நிற்கும். அழுகை நடிப்பில்லை. வலை அறுந்ததும் பொய்யில்லை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. அந்தத் தகவல் இரண்டில் எதிலாவது வருகிறதா? படகின் முதலாளி எங்காவது வாய் திறக்கிறாரா, அல்லது அதில் கூலிக்குப் போனவர்தான் எப்போதும் திரையில் நிற்கிறாரா? கடைசியில் ஒரு வேலை குடும். அந்த மனைவியும் வலை இழந்தவரும், இது பொய் என்று சொல்ல முடியாத ஒரு தலைப்பை எழுதச் சொல்லும். முடியாது என்பார்கள். ஒரு பாடவேளை முழுக்க முயலட்டும். சில நாள் எனக்கும் வரவில்லை.

இனி, கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் நீர் எழுதியிருந்த வரிக்கு வருகிறேன். போர்க்காலக் காணொளிகளும் காட்டலாம்தானே என்று கேட்டிருந்தீர்.

பல வருடங்களுக்கு முன் ஊடகப் பயிற்சி வகுப்பு ஒன்றில் நான் 2009 வன்னிக் காட்சி ஒன்றைப் போட்டேன். நாற்பது விநாடி. இரத்தம் இல்லை, உடல்கள் இல்லை. சனம் மூட்டை முடிச்சோடு தண்ணீருக்குள்ளால் நடந்து வருகிறது. கமெராவின் உயரத்தைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ" என்றாள். விட்டேன். "இன்னும் கொஞ்சம்." விட்டேன். "நிப்பாட்டுங்கோ." திரையின் இடது மூலையில் நீலச் சாரம் கட்டிய ஒருவரின் முதுகு. அவள் எழும்பி வந்து திரைக்குக் கிட்ட நின்று பார்த்தாள். அவளுடைய மாமாவைக் கடைசியாகக் கண்டபோது அவர் நீலச் சாரத்தோடுதான் நின்றவராம். முகம் தெரியவில்லை. அடுத்த விநாடி கமெரா மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. "சேர், இதை எடுத்தவர் ஆர்? அவரிட்டை மிச்சம் இருக்குமோ?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. எடுத்தவர் யாரென்று நான் தேடியே பார்க்கவில்லை. எங்கிருந்தோ வந்த கோப்பை அப்படியே வகுப்புக்குள் கொண்டுபோயிருந்தேன். முப்பது வருடம் செய்தி திருத்தினவன் செய்யக்கூடாத வேலை அது. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டம் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் கைகளில் இருப்பதும் படங்கள்தான். அப்படியொரு வீட்டிலிருந்து வருகிற பிள்ளை உம்முடைய வகுப்பிலும் இருக்கலாம். ஆகவே எந்தக் காட்சியையும் முதலில் தனியாக இருந்து மூன்று தரம் பாரும், ஓரங்களையும் பாரும். எடுத்தவர் யார், மிச்சம் எங்கே என்ற இரண்டுக்கும் உமக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் வகுப்பில் போட வேண்டும்.

2009 ஓகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய காட்சியை வகுப்பில் போடவே வேண்டாம். கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட மனிதர்கள் சுடப்படுகிற காட்சி அது. சில பிள்ளைகள் எப்படியும் கைத்தொலைபேசியில் கண்டிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கட்டாயம் படிப்பியும். இலங்கை அரசாங்கம் அது போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதை மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். ஒருவர் தடயவியல் மருத்துவர், ஒருவர் காணொளி ஆய்வாளர், ஒருவர் துப்பாக்கி ஆய்வாளர். வெடி தீர்ந்தபோது துப்பாக்கி உதைத்த விதம், உடல் விழுந்த விதம், படத்தில் ஒட்டுவேலை உண்டா என்பதெல்லாம் பார்க்கப்பட்டது. காட்சி உண்மையானது என்பதையே ஆய்வு வலுவாகக் காட்டுகிறது என்று 2010 சனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். அதோடு, விளக்கம் கிடைக்காத சிலவற்றையும் எழுதிவைத்தார். கோப்பில் பதிந்திருந்த திகதி பொருந்தவில்லை, கடைசி 17 சட்டகங்கள் ஏன் அப்படி வந்தன என்று தெரியவில்லை. தன் முடிவுக்கு இடைஞ்சலான தகவலை அவர் ஒளிக்கவில்லை. பிள்ளைகள் இந்த இடத்தில் நின்று யோசிக்கட்டும்.

அதற்குப் பக்கத்தில் மிருசுவிலை வையும். ரயிலில் எங்களுக்கு அடுத்த நிலையம். 2000 டிசம்பரில் தென்மராட்சி சண்டையால் வெறிச்சோடிக் கிடந்தது. இடம்பெயர்ந்திருந்தவர்கள் வீடு வளவைப் பார்த்துவர வந்த இடத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. அதற்குக் காட்சி ஒரு விநாடிகூட இல்லை. தப்பி வந்த ஒருவருடைய வாய்ச்சொல்தான் அந்தக் குழியைக் காட்டியது. 2015 யூன் 25 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் ஒருவருக்கு மரணதண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச் 26 அன்று, நாடு ஊரடங்கில் இருந்த நேரத்தில், சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னிப்புக் கொடுத்து அவரை விடுவித்தார்.

காணொளியை வைத்தே படிப்பித்தால், காணொளி இல்லாதது நடக்கவில்லை என்று பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிடுவார்கள். உம்முடைய திட்டத்தில் எனக்குள்ள ஒரே பயம் இதுதான். அந்த மன்னிப்புச் செய்தியை இரண்டு நிமிடத் தொலைக்காட்சிச் செய்தியாக எழுதச் சொல்லும். வேறெங்கோ எடுத்த புதைகுழிப் படத்தை ஒட்டக்கூடாது என்பது நிபந்தனை. எதைக் காட்டுவார்கள்? யாரிடம் போய்க் கேட்பார்கள்? மிருசுவிலில் ஏன் ஒரு கமெராவும் இருக்கவில்லை என்று யாராவது கேட்டால், அதே 2000 ஆம் வருடம் ஒக்டோபர் 19 இரவு யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜனைப் பற்றிச் சொல்லும். பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பியவர். மிருசுவில் அதற்கு இரண்டு மாதம் பிந்தி.

மற்றதெல்லாம் சின்ன விடயங்கள். கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வையும், இணையத்தை நம்பி வகுப்புக்குள் போக வேண்டாம். எடுத்த திகதியையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி வையும். மைக்கைக் கடைசித் தவணைவரை பிள்ளைகளின் கையில் குடுக்க வேண்டாம். கிடைத்தவுடன் வாசிப்பாளரைப்போல நின்று குரலை மாற்றத் தொடங்கிவிடுவார்கள், பிறகு திருத்துவது கரைச்சல். சந்தையில் படம் எடுக்கப் போனால், வியாபாரம் செய்கிற மனிசியிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும். எடுத்ததைத் திரும்பப் போய் அவவுக்குக் காட்டட்டும்.

சந்தியில் உமக்குத் தெரிந்த கடையில் பென்டிரைவ் ஒன்று குடுத்து வைத்திருக்கிறேன். தேங்காய்ச் செய்தி இரண்டு, றோலர்ச் செய்தி நான்கு. ஏழாவதாக அந்த நாற்பது விநாடியும் இருக்கிறது. அது வகுப்புக்கு இல்லை, உமக்கு. எடுத்தவரை நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் காலத்தில் அங்கே கமெரா தூக்கியவர்கள் யாரையாவது உமக்கோ உம்முடைய வீட்டாருக்கோ தெரிந்திருந்தால், போட்டுக் காட்டிக் கேளும். நீலச் சாரம் முப்பத்தோராவது விநாடியில், இடது மூலையில்.