சேவலின் உள்கடிகாரம்

சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே திரிந்த 24 கோழிகளை, 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் பிடித்துக் கொன்றனர். அவற்றின் சத்தம் குறித்து அதற்கு முந்தைய ஆண்டில் 20 புகார்கள் வந்திருந்தன. பறவைக் காய்ச்சல் அபாயத்தையும் அதிகாரிகள் பின்னர் சுட்டிக்காட்டினர். செய்தியைக் கேட்ட பலர் வருந்தினர், சிலர் கோபப்பட்டனர். ஆனால், இரவு வேலை முடித்து அதிகாலையில் படுப்பவரையும், அழுத குழந்தையை அப்போதுதான் தூங்கவைத்த தாயையும் நினைத்துப் பார்த்தால், புகார் செய்தவர்களைக் குறைகூற மனம் வராது.

சின் மிங் கோழிகளுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. தரைவீட்டின் பின்புறத்தில் நாமே சேவல் வளர்த்தால், அதன் சத்தத்துக்கு நாம்தான் பொறுப்பு. அதைக் கூவாமல் இருக்கச் செய்ய முடியுமா?

வெளிச்சத்தைக் கண்டுதான் சேவல் கூவுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எந்நேரமும் மங்கலான ஒளி மட்டுமே உள்ள அறையில் சேவல்களை வைத்துப் பார்த்தனர். பொழுது விடிந்ததை அறிய வழியே இல்லாத அந்த அறையிலும், அவை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கூவின. 2013இல் வெளியான இந்த ஆய்வு, சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதைக் காட்டியது. விடிவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அது கூவத் தொடங்குவதற்கு இதுவே காரணம். அதே ஆய்வாளர்கள் பின்னர் இன்னொன்றையும் கண்டறிந்தனர். கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலில் கூவும். மற்றவை தத்தம் தகுதி வரிசைப்படி அதைத் தொடரும்!

எனவே, கூவுவதை அடியோடு நிறுத்த இயலாது, குறைக்கலாம். காரின் முகப்பு விளக்கு, திடீர்ச் சத்தம், பக்கத்து வீட்டுச் சேவலின் குரல் ஆகியவையும் அதைக் கூவத் தூண்டும். அதனால் இரவில் சேவலை இருட்டான கூட்டில் அடைத்து, அக்கம்பக்கத்தார் எழுந்த பிறகு திறந்துவிடுவது நல்லது. கூட்டை அண்டை வீட்டுப் படுக்கையறைக்கு எதிர்ப்புறத்தில் வைக்க வேண்டும். தடித்த பலகைச் சுவர் ஒலியை ஓரளவு தடுக்கும். ஆனால், நம் நாட்டு வெப்பத்தில் காற்று புகாத பெட்டிக்குள் அடைத்தால் பறவை இறந்துவிடும். காற்றுத் துளைகள் கட்டாயம் தேவை.

சேவலின் கழுத்தில் கட்டும் பட்டைகளும் விற்கப்படுகின்றன. அவை கூவும்போது வெளியேறும் காற்றைக் குறைத்து ஒலியைத் தணிக்கின்றன. சற்று இறுகினாலும் மூச்சுத் திணறும் என்பதால், அவற்றைத் தவிர்ப்பதே மேல்.

முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்போருக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டைக்கோழி முட்டையிடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், சிறு குஞ்சுகளைப் பார்த்து எது சேவல், எது பெட்டை என்று நம்மால் எளிதில் சொல்ல முடியாது. சில மாதங்கள் ஆசையாக வளர்த்த பின்னரே ஒன்று கழுத்தை நீட்டிக் கூவும். அப்படிக் கூவினால் அதை ஏற்றுக்கொள்ளப் பண்ணையோ உறவினரோ உண்டா என்பதைக் குஞ்சு வாங்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். அண்டை வீட்டாரிடமும் அப்போதே பேசிவிடலாம்.