பெரணித்தூளும் சோளக் கரியும்

நிழலும் ஈரமும் உள்ள கிணற்றுச் சுவர்களிலும், வாய்க்கால் மதகுகளிலும், மலைத்தோட்டங்களின் பாறை இடுக்குகளிலும் பெரணிச் செடி தானாகவே வளர்ந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். இச்செடிக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை, விதையும் இல்லை. ஆயினும் ஒருவரும் நடாமலே இது ஆண்டுதோறும் பெருகுகின்றது. இதன் முதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் தென்படும். பயிர்களில் துரு நோயைக் கண்டு பழகிய விவசாயி இதனையும் நோயென்று எண்ணுவது இயல்பே. ஆனால் இது நோயன்று. அச்செடி தன் இனத்தைப் பெருக்குவதற்கு உண்டாக்கும் வித்துத்தூள் அடங்கிய பைகளின் கூட்டமேயாகும்.

இத்தூளை மைக்ராஸ்கோப்பின் மூலம் பார்க்கப் பழகுவது வெறும் பொழுதுபோக்கன்று. வெறுங்கண்ணுக்கு எட்டாத வித்துத்தூளினால் பரவும் பயிர் நோய்கள் பல. அவற்றுள் சோளத்தின் கரிப்பூட்டை நோய் முக்கியமானது. அதனை அறிந்து தடுப்பதற்குப் பெரணியே எளிய முதற்பாடமாகும்.

வேண்டிய கருவிகள்

விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பள்ளிக்கூடங்களில் உள்ளதுபோல், பொருளை 100 முதல் 400 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் சாதாரண மைக்ராஸ்கோப்பு போதும். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனு பிரகாஷும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட, காகிதத்தை மடித்துச் செய்யும் போல்ட்ஸ்கோப் என்னும் கருவி சுமார் 140 மடங்கு பெரிதாக்குகின்றது. பெரணித்தூளுக்கு அதுவே போதுமானது. கரிப்பூட்டைத் தூளுக்கு 400 மடங்கு இருத்தல் நலம். இவற்றோடு சில கண்ணாடித் தகடுகள், மேலே மூடும் மெல்லிய கண்ணாடி வில்லைகள், ஓர் ஊசி, சிறிது கிளிசரின் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

தூளைச் சேகரித்தலும் பார்த்தலும்

புள்ளிகள் பச்சையாக இருக்கும் இலை இளையது. முற்றிலும் வெளுத்துக் காய்ந்தது தூளை உதிர்த்துவிட்டது. கரும்பழுப்பு நிறப் புள்ளிகள் உள்ள இலையே தக்கது. அதனை வெள்ளைக் காகிதத்தின் மேல் அடிப்புறம் கீழாக வைத்து, காற்று படாத உலர்ந்த இடத்தில் ஓரிரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் இலையை எடுத்தால் காகிதத்தில் பழுப்புத்தூள் கோலமிட்டதுபோல் படிந்திருக்கும்.

முதலில் ஒரு புள்ளியை ஊசியால் சுரண்டி, நீரிடாமல் தகட்டில் வைத்து 100 மடங்கில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் காம்புள்ள பல சிறு பைகளின் குவியல் என்பது அப்போது விளங்கும். பையின் முதுகில் தடித்த சுவர்களையுடைய அறைகள் வளையம்போல் வரிசையாக அமைந்திருக்கும். காற்றில் ஈரம் குறையுங்கால் அவ்வறைகளில் உள்ள நீர் வற்றுகின்றது. வளையம் மெல்லப் பின்னோக்கி வளைந்து பையைக் கிழிக்கின்றது. ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் நீரில் குமிழி உண்டாக, வளையம் திடீரென்று முன்னோக்கித் தெறித்துக் கவணிலிருந்து கல்லை விடுவதுபோல் தூளை வீசுகின்றது. ஈரமான பைகளின்மேல் ஒரு துளி கிளிசரின் விட்டால் அது அறைகளின் நீரை உறிஞ்சுவதால் இந்நிகழ்ச்சியைக் கண்முன்னே காணலாம். பெரும்பாலான பெரணிகளில் ஒரு பையினுள் 64 தூள்மணிகள் இருக்கும்.

பின்னர் காகிதத்தில் படிந்த தூளில் ஊசிமுனையளவு எடுத்து, ஒரு துளி நீரில் இட்டு, வில்லையால் மூடிப் பார்க்க வேண்டும். இனத்திற்கேற்ப மணிகள் அவரை விதை வடிவிலேனும் முக்கோண வடிவிலேனும் தோன்றும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் எனப்படும். பெரணி மணிகள் பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரான் அளவுடையவை. புதிதாகப் பார்ப்போர் காற்றுக் குமிழியை மணியென்று மயங்குவதுண்டு. விளிம்பு தடித்துக் கறுத்து, நடுவில் ஒன்றுமின்றிப் பளபளப்பாகத் தோன்றும் வட்டம் குமிழியே.

தூள் முளைக்கும் என்பதற்குச் சான்று

ஜமைக்கா தீவில் வைத்தியராயிருந்த ஜான் லிண்ட்சே என்பவர் பெரணித்தூளை மண்ணில் தூவி, அது முளைப்பதை மைக்ராஸ்கோப்பினால் கண்டறிந்த செய்தி 1794-இல் வெளியாயிற்று. இதனை எவரும் செய்து பார்க்கலாம். செங்கல் துண்டொன்றை நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, தண்ணீர் உள்ள தட்டில் வைத்து, மேலே தூளைத் தூவிக் கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி நிழலில் வைத்தால், சில வாரங்களில் பச்சைப் படலம் தோன்றும். அதிலிருந்து இதய வடிவான சிறு தகடுகள் வளர்ந்து, அவற்றிலிருந்து பின்னர் பெரணிக் கன்றுகள் எழும். தூளென்று ஊதித் தள்ளும் பொருள் உயிருள்ள வித்து என்பதே இதனால் அறியவேண்டுவது.

இவ்வுண்மையை அறிவதற்குள் பெருநஷ்டம் அடைந்த தேசமும் உண்டு. இலங்கையில் 1869-ஆம் ஆண்டில் காப்பிச் செடியின் இலைகளில் துரு நோய் காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை அங்கே ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்பவர், கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, அந்நோயின் தூள் காற்றில் பரவுவதைக் காட்டினார். அதற்குள் நோய் எங்கும் பரவிவிட்டது. காப்பித் தோட்டங்கள் அழிந்து, அவற்றினிடத்தில் தேயிலை பயிராயிற்று.

சோளத்தின் கரிப்பூட்டை

பெரணியின் புள்ளிகள் நரம்பை ஒட்டியோ இலையின் ஓரத்திலோ ஒழுங்காக அமைந்திருக்கும். துரு நோயின் புள்ளிகளோ ஒழுங்கின்றிச் சிதறி, இலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். கரிப்பூட்டை நோய் இவ்விரண்டினும் வேறு. அது இலையில் தோன்றுவதில்லை. கதிரில் மணி இருக்கவேண்டிய இடத்தில், சாம்பல் நிறத் தோல் போர்த்த, சற்று நீண்ட பை உண்டாகும். அதனுள் இருப்பது மாவன்று, கரிய தூளே. கதிரடிக்கும்போது இப்பைகள் உடைந்து, தூள் நல்ல மணிகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த விதையின்மேல் அது பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். விதை முளைக்கும்போது தூளும் முளைத்து இளம் முளைக்குள் புகுந்துவிடும். பயிர் பார்வைக்குச் செழிப்பாகவே வளரும். கதிர் வந்த பின்னரே நோய் வெளிப்படும். அப்போது எம்மருந்தாலும் பயனில்லை.

ஆகவே பரிசோதனை விதைப்புக்கு முன்பே நடைபெற வேண்டும். ஒரு கைப்பிடி விதையைப் புட்டியில் இட்டு, சிறிது நீர் விட்டு நன்கு குலுக்கி, நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துத் தெளியவைக்க வேண்டும். அடிவண்டலில் ஒரு துளியை 400 மடங்கில் பார்த்தால், நோயுள்ள களத்து விதையாயின் பழுப்பு நிற உருண்டைகள் காணப்படும். இவை பெரணி மணியினும் மிகச் சிறியவை. 4 முதல் 8 மைக்ரானுக்கு உட்பட்டவை. ஒரு துளியில் இவை காணாமற்போனதுகொண்டு விதை முழுதும் தூயதென்று துணியலாகாது.

பரிகாரம் எளிது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் மிக நுண்ணிய கந்தகத்தூளைச் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் இட்டு, ஒவ்வொரு மணியிலும் படியும்படி குலுக்கி விதைக்க வேண்டும். இவ்வாறு மருந்திட்ட விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது. நோயுற்ற கதிர்களைத் தூள் சிதறாமல் துணிப்பையால் மூடி அறுத்துக் கொதிநீரில் இட்டு அழிக்க வேண்டும். கதிர் முழுதும் ஒரே கரித்திரளாகும் மற்றொரு வகை மண்ணில் தங்கி வருவது. அதற்கு விதை மருந்து மட்டும் போதாது. அத்தகைய கதிர்களை உடனே களைவதோடு, அந்நிலத்தில் அடுத்த பருவம் மாற்றுப்பயிர் இடுதல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் விதைப்புக் காலத்துக்கு முன்னதாக உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் உதவியுடன், முதலில் பெரணித்தூளையும் பிறகு அவ்வூர் விதை கழுவிய நீரையும் விவசாயிகளுக்குக் காட்டுவார்களாயின் மிக்க பயன் விளையும். தூளை ஒருமுறை கண்ணால் கண்டவர் விதைக்கு மருந்திடாமல் விதைக்கத் துணியார். ஒரு கதிரின் கரி மறுபருவத்தில் ஒரு வயலின் மகசூலைக் குறைக்க வல்லது. அதனைத் தடுக்கச் செலவாவதோ கிலோவுக்கு 4 கிராம் கந்தகமும் அரைநாள் உழைப்புமே.