காற்று மாசினைத் தாவரங்களைக் கொண்டு அறிதல்

பாலக்காட்டு நகருக்குக் கிழக்கே, கோயமுத்தூர் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள கஞ்சிக்கோடு, கேரளத்தின் முக்கியத் தொழிற்பகுதிகளுள் ஒன்றாகும். இரும்பு உருக்காலைகள் முதலிய பல தொழிற்கூடங்களும், அவற்றினருகே மக்கள் குடியிருப்புகளும் இங்கு உள்ளன. காற்றை அளக்கும் கருவி, தான் நிறுவப்பட்ட இடத்துக் காற்றையே அளக்கும். அடுத்த தெருவில் குழந்தைகள் சுவாசிக்கும் காற்று எத்தகையது என்பதை அறிய, அங்கே இரவும் பகலும் நிற்கும் மரங்கள் துணைபுரியக்கூடும்.

இம்முறை புதியதன்று. பாரிஸ் நகரப் பூங்காவொன்றில் மரப்பட்டைமேல் வளரும் லைக்கன்கள் காற்றின் தூய்மையைக் காட்டுகின்றன என்று நைலாண்டர் என்னும் அறிஞர் 1866-இல் எடுத்துக்காட்டினார். லைக்கன்களுக்கு வேரில்லை, நீரையும் உப்புக்களையும் பெரிதும் காற்றிலிருந்தே பெறுவதால், மாசு அவற்றை விரைவில் தாக்குகிறது. வட இந்தியாவில், செங்கற்சூளைகளுக்கு அண்மையிலுள்ள மாந்தோப்புகளில் காயின் நுனி கருத்துப் போவதும் புகையின் விளைவேயாகும்.

இலைகளில் தோன்றும் குறிகள் மாசுக்கேற்ப வேறுபடும். கந்தக டை ஆக்ஸைடு, நரம்புகளின் இடையே வெளிறிய திட்டுகளை உண்டாக்கும். புளோரைடு, இலையின் நுனியையும் ஓரத்தையும் கருகச் செய்யும். ஓசோன், மேற்பரப்பில் நுண்புள்ளிகளை ஏற்படுத்தும். தூசி, இலைத்துளைகளை அடைத்து ஒளியையும் மறைக்கும்.

ஆயினும் இங்கு எச்சரிக்கை தேவை. சாம்பற்சத்துக் குறைவினாலும் இலையோரம் கருகும். இரும்புச்சத்துக் குறைவினால் இளந்தளிர்களில் நரம்பிடை மஞ்சளாகும். ஒரே இன மரத்தில் மட்டும் குறி தோன்றின், முதலில் மண்ணையும் பூச்சி, நோய்களையும் ஆராய்தல் வேண்டும். வெவ்வேறு இனங்கள் பல, ஒரே திசையில், ஒரே காலத்தில் குறி காட்டினாலன்றிக் காற்றின்மேல் ஐயம் கொள்ளலாகாது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிங், ராவ் ஆகியோர் 1983-இல் மாசு தாங்கும் திறனுக்கு ஒரு குறியெண் வகுத்தனர். ஒரு கிராம் பச்சை இலையிலுள்ள பச்சையத்தின் மில்லிகிராம் அளவையும், இலைச்சாற்றின் அமில-கார எண்ணையும் கூட்டி, அத்தொகையை ஒரு கிராம் இலையிலுள்ள அஸ்கார்பிக் அமிலத்தின் மில்லிகிராம் அளவால் பெருக்கி, ஒப்புநீர்ச் சதவீதத்தைச் சேர்த்து, பத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பச்சையம் 2, அமில-கார எண் 6, அஸ்கார்பிக் அமிலம் 5, ஒப்புநீர் 80 எனின், குறியெண் 12 ஆகும். எண் உயர்ந்த இனம் பசுமை வளையம் அமைக்க ஏற்றது. எண் தாழ்ந்த இனம் மாசினைச் சுட்டிக்காட்ட ஏற்றது. ஆதலின், பசுமையாக நிற்கும் மரம் தூய காற்றுக்குச் சான்றாகாது என்பதை மாணவர்க்கு வலியுறுத்த வேண்டும்.

பள்ளியில் எளிதாகச் செய்யத்தக்கது தூசியளவைச் சோதனையாகும். ஒரே இனத்தின், ஒத்த வயதும் உயரமும் கொண்ட இலைகளைச் சாலையோரத்திலும் தொலைவான தோப்பிலும் பறிக்க வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் எடையறிந்த தாளில் துடைத்து, மீண்டும் நிறுத்து, கட்டத்தாளில் கண்ட இலைப்பரப்பால் வகுத்தல் வேண்டும். மழை தூசியைக் கழுவிவிடுமாதலால், மழைக்குப்பின் சில நாட்கள் கழித்தே இலை பறிக்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயில் காற்றின் திசையையும் குறித்தல் இன்றியமையாதது. தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று புகையை வாளையாறு நோக்கிச் செலுத்தும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கீழ்க்காற்று அதைப் பாலக்காடு நோக்கித் தள்ளும். ஒரு பருவத்தில் மட்டும் பார்த்தவர், மற்றொரு பக்கத்து மக்களின் துன்பத்தைக் காணத் தவறுவர்.

இலை மாசின் அளவைத் துல்லியமாகக் கூறாது. நுண்துகள் வரம்பு, 2009-ஆம் ஆண்டுத் தேசியத் தரத்தின்படி, 24 மணி நேரத்துக்குக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். இதனைக் கருவியாலேயே அறிய இயலும். எனினும், கருவியை எங்கு வைக்க வேண்டும் என்பதை இலை கூறும். நாள், இடம், இனம், காற்றின் திசை, குறி ஆகியவற்றை ஓராண்டேனும் ஒழுங்காகப் பதிவு செய்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரிடம் அளித்தலே களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்றத்தக்க பணியாகும்.