ஒன்பது மாசச் சம்பளம், பன்னெண்டு மாச வாடகை

நேத்து ராத்திரி நீ அனுப்பின மூணு பிஎச்.டி. ஆஃபர் லெட்டரையும் படிச்சேன். அதுக்குள்ள சித்தப்பா டாலரை ரூபாயா மாத்திப் பார்த்து, "எது பெருசோ அங்கேயே போகச் சொல்லு"ன்னு தீர்ப்பே சொல்லிட்டாராம். அவர் பெருக்கல்ல தப்பில்ல. ஆனா நீ வாடகை கட்டப்போறது டாலர்ல. ரூபாயைக் கொஞ்ச நாளைக்கு மறந்துட்டு, பேனாவை எடுத்துக்கிட்டு லெட்டரை மறுபடி படி.

முதல்ல மாசத்தை எண்ணு. அமெரிக்காவுல நிறைய டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட்) ஆஃபர் ஒன்பது மாசத்துக்குத்தான். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு மே மாசத்தோட முடிஞ்சிடும். ஒரு இடத்துல ஒன்பது மாசத்துக்கு 30,000 டாலர், இன்னொரு இடத்துல பன்னெண்டு மாசத்துக்கு 36,000 டாலர்னு வச்சுக்கோ. கைக்கு வர்ற மாசக் கணக்குல முதல் இடம் 3,333, அடுத்தது 3,000. முதல் இடம்தான் ஒசத்தி மாதிரி தெரியும். கோடையில மூணு மாசம் காசு வரலைன்னா அதே பணம் மாசத்துக்கு 2,500-ஆ இறங்கிடும். வீட்டுக்காரர் ஜூன்லயும் வாடகை கேட்பார். அதனால "சம்மர் ஃபண்டிங் உண்டா"ன்னு மட்டும் கேட்காதே, எல்லாரும் உண்டுன்னுதான் சொல்வாங்க. "போன வருஷம் உங்க லேப்ல யாருக்காவது கிடைக்காம போச்சா"ன்னு கேளு.

துண்டு விழுந்தா பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிச்சுக்கலாம்னு நினைக்காதே. எஃப்-1 விசாவுல செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பாதி நேர டி.ஏ.ன்னு அவங்க சொல்றதே அந்த 20 மணி நேரத்தை முழுசா சாப்பிட்டுடும்.

ட்யூஷன் வெய்வர்னு போட்டிருந்தா ஃபீஸ் எல்லாம் போச்சுன்னு அர்த்தமில்ல. ட்யூஷன் வேற, ஃபீஸ் வேற. பஸ், ஜிம், லேப், வெளிநாட்டு மாணவர் கட்டணம்னு செமஸ்டருக்குச் சில நூறு டாலர்ல ஆரம்பிச்சு சில இடத்துல ஆயிரத்தைத் தாண்டும். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை யார் கட்டுறாங்கன்னும் பாரு. பல்லுக்கும் கண்ணுக்கும் பெரும்பாலும் தனி பாலிசி. கண்ணாடியும் பல் வைத்தியமும் ஊர்லயே முடிச்சுட்டுப் போ.

ஊரையும் கணக்குல சேர்க்கணும். பர்டூ யுனிவர்சிட்டி இருக்குற வெஸ்ட் லஃபாயெட்ல ஒருத்தர் தனியா வீடு எடுக்குற வாடகைக்கு, சான் டியகோவுல பகிர்ந்துக்குற வீட்டுல ஒரு ரூம் கிடைச்சாலே பெருசு. 2022 நவம்பர்ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட எல்லா கேம்பஸ்லயும் சுமார் 48,000 பேர், டி.ஏ.வும் ஆர்.ஏ.வும் (ரிசர்ச் அசிஸ்டன்ட்) போஸ்ட்டாக்கும் சேர்ந்து ஸ்ட்ரைக் பண்ணாங்க. சம்பளத்துல பெரும்பகுதி வாடகைக்கே போகுதுங்கறதுதான் அவங்க முக்கியமான குறை. வரியும் ஊருக்கு ஊர் மாறும்: டெக்சாஸ், வாஷிங்டன் மாதிரி மாநிலத்துல சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியா, நியூயார்க்ல உண்டு. இந்தியாவுல இருந்து போற மாணவருக்கு ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தத்துல ஒரு சலுகை இருக்கு: மத்த நாட்டு மாணவருக்கு இல்லாத ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் நமக்கு உண்டு. முதல் வருஷம் இது தெரியாம நான் கூடுதலா கட்டிட்டு, அப்புறம் திருத்தம் போட்டு வாங்கினேன்.

இன்னொண்ணு, ஆகஸ்ட்ல போய் இறங்கினா முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில வந்தாலும் வரும். அதுக்குள்ள அட்வான்ஸ், முதல் மாச வாடகை, பாய், பாத்திரம் எல்லாத்துக்கும் கைக்காசுதான். சில டிபார்ட்மென்ட்ல இடமாற்றச் செலவுக்குன்னு ஒரு தொகை தருவாங்க. கேட்கிறவங்களுக்குத்தான் அது பெரும்பாலும் கிடைக்கும்.

சரி, பணக் கணக்கு ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும். இனிமே சொல்றதுக்கு ரெண்டு வாரமாவது ஒதுக்கு.

நீ சேரப்போறது யுனிவர்சிட்டியில இல்லடீ, ஒரு கைடுகிட்ட. எனக்கு மூணாவது வருஷம் என் கைடு வேற யுனிவர்சிட்டிக்குப் போயிட்டார். கூடவே போகலாம், ஆனா குவாலிஃபையிங் எக்ஸாமை மறுபடி எழுதணும்னு அங்க சொன்னாங்க. பழைய இடத்துலயே இருக்கலாம், ஆனா என் தலைப்புல வேலை செய்யற ஆள் வேற யாருமில்ல. கடைசியில தலைப்பை மாத்தி, ஒரு வருஷத்தைத் தொலைச்சேன். அவர்மேல எனக்குக் கோபமில்ல, நல்ல மனுஷன். "நீங்க போயிட்டா எனக்கு யாரு"ன்னு சேர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்காதது என் தப்பு. உன் டிபார்ட்மென்ட்ல உனக்குப் பிடிச்ச வேலை செய்யறவங்க குறைஞ்சது ரெண்டு, மூணு பேராவது இருக்காங்களான்னு பாரு.

புது அசிஸ்டன்ட் புரொஃபசரா, பேர் பெத்த பெரிய ஆளான்னு கேட்டிருந்தே. புதுசா வந்தவர் வாராவாரம் உன் பக்கத்துல உட்கார்ந்து கோடு பார்ப்பார். அவருக்கும் பேப்பர் வேணும். ஆனா ஆறாவது வருஷத்தை ஒட்டி அவருக்கு டென்யூர் முடிவு வரும். அது உன் தீசிஸ் நேரத்துல வந்து விழுமான்னு எண்ணிப் பாரு. பெரியவர் லேப்ல இருபது பேர் இருப்பாங்க, நிஜமான கைடு ஒரு போஸ்ட்டாக்கா இருப்பார். உன்னை மாதிரி யாராவது தட்டிக் கேட்டாத்தான் எழுந்திருக்குற ஆளுக்குப் புது புரொஃபசர் நல்லதுன்னு நான் சொல்வேன். கோவிச்சுக்காதே.

லேப் பிள்ளைங்ககிட்டப் பேசும்போது "கைடு எப்படி"ன்னு கேட்டா "ரொம்ப நல்லவர்"னு முடிச்சிடுவாங்க. பதிலா இப்படிக் கேளு: கடைசியா டிஃபெண்ட் பண்ணவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு? சோதனை தோத்துப் போனா மீட்டிங்ல என்ன நடக்கும்? போன தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ யாராவது ஊருக்குப் போனாங்களா, எத்தனை நாள்? பதில் வர்றதுக்கு முன்னாடி விழற அமைதியையும் கவனி.

இன்னொரு வேலையும் செய். வேபேக் மெஷின்ல அந்த லேபோட பழைய பக்கத்தை, நாலு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததை எடு. அப்ப இருந்த மாணவர் பேரை எழுதிக்கிட்டு இப்போதைய பட்டியலோட ஒப்பிடு. டிகிரி வாங்கிட்டுப் போனவங்க ஒரு பக்கம். நடுவுலயே காணாமப் போனவங்க பேர் மூணு, நாலுன்னு சேர்ந்தா, அதுல ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுப் பேசு. விட்டுப் போனவங்கதான் மனசு விட்டுப் பேசுவாங்க.

ஆர்.ஏ.ன்னா பணம் எந்த கிராண்ட்ல இருந்து வருது, அது எப்ப முடியுதுன்னு கேட்கறதுல தயங்காதே. 2025-ல அமெரிக்க அரசோட ஆய்வு நிதி ஆட்டம் கண்டப்ப, சில இடத்துல கொடுத்த அட்மிஷனையே திரும்ப வாங்கினாங்க. "கிராண்ட் நின்னுட்டா டிபார்ட்மென்ட் டி.ஏ. கொடுக்குமா"ன்னு கேட்டு மெயில்லயே பதில் வாங்கிக்கோ.

நீ ஏரோஸ்பேஸ் பக்கம் சாயறதால இதையும் சொல்லணும். அங்க சில ப்ராஜெக்ட் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள்ள வரும். நம்ம மாதிரி வெளிநாட்டு மாணவர் அரசு அனுமதி இல்லாம அந்த டேட்டாவைத் தொட முடியாது. லேப்ல பாதிப் பேர் ஒரு மீட்டிங், நீ மட்டும் வேற மீட்டிங்னு ஆகிடும். என் விசாவுல எந்த ப்ராஜெக்ட்ல வேலை செய்யலாம்னு நேரடியா கேளு.

ரெண்டாவது லெட்டர்ல மார்ச் 1-க்குள்ள பதில் கேட்டு அவசரப்படுத்துறாங்கல்ல? கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸோட ஒரு தீர்மானத்துல நிறைய பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டிருக்கு. நிதியோட வர்ற ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன்னாடி பதில் கேட்டு நெருக்கக் கூடாதுங்கறது அதோட சாரம். பட்டியல்ல அந்த யுனிவர்சிட்டி இருக்கான்னு பார்த்துட்டு, பணிவா மெயில் போடு: "உங்க ஆஃபர்ல எனக்கு ரொம்ப விருப்பம், ஏப்ரல் 15-க்குள்ள உறுதியா சொல்றேன்." யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஐரோப்பாவுக்கு இது செல்லாது, அங்க வேலைக்கு ஆள் எடுக்குற மாதிரிதான்.

மூணாவது இடத்துக்கு நீ போகப் போறதில்லன்னு உன் குரல்லயே தெரிஞ்சுது. அப்போ ஏப்ரல் வரைக்கும் பிடிச்சு வச்சுக்காதே, இன்னைக்கே வேண்டாம்னு எழுதிடு. வெயிட்லிஸ்ட்ல எவளோ ஒருத்தி தினமும் காலையில மெயிலைத் திறந்து பார்த்துட்டு இருப்பா. போன வருஷம் நீ பார்த்துட்டு இருந்தியே, அதே மாதிரி.