வெற்றியைச் சொல்லும் தாள்

ஓட்டு எண்ணும் நாள். டீக்கடையில் ஒரே கூட்டம்.

"நம்ம ஆள் ஜெயிச்சிட்டார்!" என்று ஒருவர் கத்தினார். பட்டாசு வெடித்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் போனது. டி.வி.யில் வேறு பெயர் முன்னால் வந்தது. இரண்டு பக்கமும் வாய்ச்சண்டை. கை ஓங்கும் அளவுக்குப் போய்விட்டது.

டீக்கடை அக்கா கேட்டார்: "ஏம்பா, எண்ணி முடிச்சு அதிகாரி கையெழுத்துப் போட்டாச்சா? அதுக்குள்ள எதுக்குச் சண்டை?"

அக்கா கேட்டது சரியான கேள்வி. முன்னிலை வேறு. வெற்றி வேறு. அப்படியானால் வெற்றியை யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

ஓட்டுச்சாவடியில்

ஓட்டுப்பதிவு முடிகிறது. சாவடியின் தலைமை அலுவலர் ஒரு கணக்கு எழுதுகிறார். அதற்குப் படிவம் 17சி என்று பெயர். மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று அதில் இருக்கும். அங்கே உள்ள ஏஜெண்டுகளுக்கு அதன் நகலைக் கொடுக்க வேண்டும். இது சட்டம்.

எண்ணும் இடத்தில்

இயந்திரம் காட்டும் மொத்த ஓட்டும் 17சி கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு ஒவ்வொரு சுற்றாக எண்ணுகிறார்கள். வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் உடன் இருந்து கவனிக்கிறார்கள்.

கடைசியில் எல்லாச் சாவடிக் கணக்கும் ஒரே தாளில் சேர்கிறது. அதுதான் படிவம் 20. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் தெரியும். தபால் ஓட்டும் அதில் சேரும். நோட்டா ஓட்டும் அதில் இருக்கும்.

மொத்தக் கணக்கைத் தேர்தல் நடத்தும் அதிகாரி படித்துச் சொல்கிறார். சந்தேகம் உள்ள வேட்பாளர் அப்போதே மறு எண்ணிக்கை கேட்கலாம். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாயால் சொன்னால் போதாது. அதிகாரி படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்க முடியாது.

அதன் பிறகுதான் அதிகாரி வெற்றியை அறிவிக்கிறார். வென்றவருக்குச் சான்றிதழ் தருகிறார். முடிவைத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்புகிறார். வென்றவர் பெயர் அரசிதழில் அச்சாகிறது. அரசிதழ் என்பது அரசாங்கம் வெளியிடும் பத்திரிகை. எல்லா வெற்றியாளர்களின் பெயரையும் ஆணையம் அரசிதழில் வெளியிட்டதும் புதிய சபை அமைந்ததாகச் சட்டம் சொல்கிறது.

ஒரே ஒரு ஓட்டு

கணக்கு ஏன் இத்தனை கவனமாக இருக்க வேண்டும்? 2004-ல் கர்நாடகாவில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. சந்தேமரஹள்ளி தொகுதியில் துருவநாராயணா 40,752 ஓட்டு வாங்கினார். கிருஷ்ணமூர்த்தி 40,751 ஓட்டு வாங்கினார். வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு! இரண்டு பேருக்கும் சமமாக வந்தால் என்ன செய்வார்கள்? சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்.

தவறு நடந்தால்

தேர்தலில் முறைகேடு நடந்ததா? 45 நாளுக்குள் ஐகோர்ட்டில் மனு போடலாம். வேட்பாளர் மட்டும் அல்ல, அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம். அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. அப்போது பேச்சு உதவாது. தாளில் உள்ள கணக்குதான் பேசும்.

மாலையில் முடிவு வந்தது. பட்டாசு வெடித்தவரின் ஆள் தோற்றிருந்தார். அவர் மெல்லக் கடைக்கு வந்தார். காலையில் சண்டை போட்டவரும் அங்கே இருந்தார்.

"அக்கா, ரெண்டு டீ போடுங்க. ஒண்ணு அவருக்கு" என்றார்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. முன்னிலைக்கும் வெற்றிக்கும் என்ன வித்தியாசம்?
2. படிவம் 17சி-யில் என்ன எழுதுவார்கள்?
3. மறு எண்ணிக்கையை எப்போது கேட்க வேண்டும்?
4. உங்கள் ஊரில் ஓட்டு எண்ணும் நாளில் வதந்தி வந்தால் என்ன செய்வீர்கள்?