புதிய நீர் வடிகட்டி: முதல் நாள் நீரைக் குடிக்கக் கூடாது

கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகளுக்கு, மின்சாரம் வேண்டாத எவர்சில்வர் வடிகட்டி ஏற்றது. மேல் பாத்திரத்தில் ஊற்றும் நீர், அடியில் பொருத்திய வெள்ளைக் கேண்டில்களின் நுண்துளைகள் வழியே கசிந்து கீழ்ப் பாத்திரத்தில் சேருகிறது. அழுக்கும் கிருமிகளில் பெரும்பகுதியும் கேண்டிலின் வெளிப்புறத்திலேயே தங்கிவிடும். ஆனால் கேண்டிலில் கீறல் இருந்தாலோ, பொருத்திய இடம் தளர்ந்திருந்தாலோ, நீர் அந்த வழியாக இறங்கிவிடும். பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அது வடிகட்டாத நீரே. குழந்தைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காக்க வாங்கிய பாத்திரம் வெறும் தைரியத்தை மட்டும் தந்து கொண்டிருக்கும்.

எனவே வாங்கி வந்ததும் பாத்திரங்களையும் குழாயையும் சோப்பு போட்டுக் கழுவி நன்றாக அலச வேண்டும். கேண்டிலில் மட்டும் சோப்பு படக் கூடாது. துளைகளில் ஏறிய சோப்பு எளிதில் போகாது. புதிய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சுத்தமான நீரில் ஓர் இரவு ஊற வைக்க வேண்டும்.

மறுநாள், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல் ஒரு சோதனை செய்யலாம். கேண்டிலைத் தலைகீழாகப் பிடித்து, குழல் முனை மட்டும் வெளியே இருக்கும்படி நீரில் அமிழ்த்தி, குழலில் வாய் வைத்து ஊத வேண்டும். நன்றாக ஊறிய நல்ல கேண்டிலில் குமிழி வராது. ஓரிடத்தில் மட்டும் குமிழிகள் கிளம்பினால் அங்கே கீறல் உண்டு. வெள்ளைப் பகுதியும் பிளாஸ்டிக் அடியும் சேரும் இடத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பழுதுள்ள கேண்டிலைக் கடையில் மாற்றிக் கொள்வதே சரி. பசை வைத்து ஒப்பேற்றுவது வீண் வேலை.

பொருத்தும்போது ரப்பர் வாஷர்களை விடாமல் போட்டு, மரையைக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். குறடு வைத்தால் பிளாஸ்டிக் மரை உடைந்துவிடும். பிறகு கேண்டிலின் பிளாஸ்டிக் அடி மட்டும் நனையும் அளவு நீர் ஊற்றி, வெளியே மரையைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று பார்க்கலாம். கசிவு இல்லையென்றால் பாத்திரத்தை நிரப்பலாம். முதல் இரண்டு மூன்று முறை வடியும் நீரைக் குடிக்காமல் வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றிவிட வேண்டும்.

கலங்கல் நீரை அப்படியே ஊற்றினால் கேண்டில் சீக்கிரம் அடைத்துக் கொள்ளும். பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்து, மேல் நீரை ஊற்றுவது நல்லது. வடிவது மெதுவாகத்தான் இருக்கும். அதற்காகக் கேண்டிலைக் கத்தியால் சுரண்டக் கூடாது.

மஞ்சள் காமாலையைப் பரப்பும் வைரஸ் கேண்டிலின் துளைகளையும் கடந்துவிடும். ஆகவே வடிகட்டிய நீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடிப்பதே பாதுகாப்பு. உப்பு, ஃப்ளோரைடு, உரமிட்ட வயலிலிருந்து கிணற்றில் இறங்கும் நைட்ரேட் ஆகியவை கேண்டிலுக்கும் அடங்கா, கொதிக்க வைத்தாலும் போகா. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கும், நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. நைட்ரேட் மிகுந்த நீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடக்கி வைக்கப்பட்டது.

இவற்றை அறியக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கிணற்று நீரைச் சோதித்துக் கொள்ளலாம். சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே கிணற்று நீரால் இரண்டு மூன்று முறை அலசி, 2 லிட்டர் பிடித்து, கிணறு உள்ள இடத்தையும் தேதியையும் எழுதி ஒட்டி, தாமதமின்றிக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.