மொழியா, முழவா?
மாதங்கி அருள்பிரகாசத்தின் இசை வாழ்வு: ஒரு பார்வை

முன்னுரை

இவ்வாண்டு மலருக்கு எம்.ஐ.ஏ. என்னும் பாடகியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும், பேரவை நண்பர் ஒருவர், "அவர் தமிழில் பாடுவதில்லையே! தமிழ்மொழிக் கழகத்தின் மலரில் அவருக்கு என்ன இடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மொழியைக் காப்பதற்காகத் தோன்றிய அமைப்பு, ஆங்கிலத்தில் பாட்டெழுதிப் பாடும் ஒருவரைப் பற்றி எதற்காகப் பேச வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. முதலில் அவருடைய வாழ்க்கையையும் கலைப் பயணத்தையும் சுருக்கமாகக் கண்டு, பிறகு நம் நாட்டுக் கலைஞர் ஒருவரோடு அவரை ஒப்பிட்டு, இறுதியில் எங்கள் மலாக்கா மண்ணுக்கு வருகிறேன்.

பிறப்பும் இளமையும்

மாதங்கி அருள்பிரகாசம் 1975ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் இலண்டனில் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தார். வீட்டில் மாயா என்று அழைத்தனர். தந்தை அருள்பிரகாசம் ஒரு பொறியியலாளர். அதே 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ் என்னும் ஈழ மாணவர் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். ‘அருளர்’ என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். தாயார் கலா தையல் தொழிலாளி.

குழந்தைக்கு ஆறு மாதமானபோது குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை இயக்க வேலையாக வெளியிலேயே இருந்ததால், பிள்ளைகளை வளர்த்த பொறுப்பு முழுவதும் தாயாருடையது. போர்ச்சூழல் மோசமடைய, சில காலம் சென்னையிலும் மீண்டும் யாழ்ப்பாணத்திலுமாக அலைந்த அக்குடும்பம், 1986இல் அகதிகளாக இலண்டன் சென்று சேர்ந்தது. தெற்கு இலண்டனில் மிட்சம் பகுதியில், ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்னும் அரசாங்கக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. ஆங்கிலம் அறியாமல் வந்த சிறுமி அங்கேதான் அம்மொழியைக் கற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கேட்ட ஹிப் ஹாப் இசையே அவருக்கு இரண்டாவது பள்ளியானது.

கலைத் துறையில் முதல் அடிகள்

அவர் இசைப்பள்ளி எதிலும் பயின்றவர் அல்லர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படக் கலை பயின்றார். எலாஸ்டிகா என்னும் இசைக்குழுவின் 2000ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு முகப்புப் படம் செய்து கொடுத்தார். அக்குழுவோடு பயணம் செய்து ஒளிப்பதிவும் செய்தார். அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற கனடியக் கலைஞர், தாளக்கட்டுகளை அமைக்கும் ரோலண்ட் 505 என்ற சிறு கருவியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் இல்லாமலே, அந்தக் கருவியை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

‘கலாங்’ என்ற பாடல் 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. அதன் வழியாக எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. எம்.ஐ.ஏ. என்பது போரில் காணாமற் போனவர்களைக் குறிக்க இராணுவப் பட்டியல்களில் எழுதப்படும் சுருக்கம். போரினால் சிதறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை அதையே மேடைப்பெயராக வைத்துக்கொண்டார்.

இசைத்தொகுப்புகளின் பெயர்களில் ஒரு குடும்பம்

இவருடைய முதல் நான்கு தொகுப்புகளின் பெயர்களைக் கவனித்தால் ஒரு வரிசை புலப்படும். 2005இல் ‘அருளர்’ – தந்தையின் பெயர். 2007இல் ‘கலா’ – தாயின் பெயர். 2010இல் ‘மாயா’ – வீட்டில் அழைக்கும் பெயர். 2013இல் ‘மாதங்கி’ – பிறப்புப் பத்திரத்துப் பெயர். கலைகளுக்குரியவளாக வணங்கப்படும் தேவியின் பெயரும் அதுவே. பாட்டு ஆங்கிலத்தில் இருந்தாலும் அட்டையில் நின்றவை தமிழ்க் குடும்பத்துப் பெயர்கள். நம்மவர்களில் பலர் வேலைக்குப் போனதும் பெயரைச் சுருக்கிக்கொள்கிறோம். இவரோ மேடைக்குச் சுருக்கப்பெயர் வைத்துக்கொண்டு, நூல்களுக்குச் சமமான தம் படைப்புகளில் முழுப்பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்.

‘அருளர்’ பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த தொகுப்பை அமெரிக்காவில் பதிவு செய்ய எண்ணியிருந்தபோது 2006இல் விசா சிக்கல் எழுந்தது. அந்தத் தடையே வேறொரு வழியைத் திறந்துவிட்டது. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் அலைந்து அங்கங்கே கிடைத்த ஒலிகளைச் சேர்த்தார். சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமிக் கலைஞர்களை வாசிக்கச் செய்து பதிவு செய்தார். ‘பர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்களில் முழங்குவது அந்த உறுமிதான். ‘பாம்பூ பாங்கா’ என்ற பாடலில் ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாடலிலிருந்து இளையராஜாவின் இசைத்துணுக்கு ஒலிக்கிறது.

அதே தொகுப்பில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’தான் அவரை உலகறியச் செய்தது. குடியேறிகள் என்றாலே பணம் பறிக்க வந்தவர்கள் என்று எண்ணுவோரைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. பல்லவியில் துப்பாக்கி வெடிப்பும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் தாளமாக வருகின்றன. அதன் அடித்தளம், 1982இல் தி கிளாஷ் குழு பாடிய ஒரு பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. வெளிவந்து ஓராண்டு கழித்து, 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு நூறு பாடல் வரிசையில் நான்காம் இடம்வரை அது ஏறியது.

புகழும் பழியும்

2009 பிப்ரவரி 8ஆம் நாள், நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி விருது மேடையில் ஏறிப் பாடினார். அடுத்த சில நாள்களில் மகன் பிறந்தான். அதே மாதம், ‘சிலம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து படைத்த ‘ஓ சாயா’ பாடல் ஆஸ்கார் இறுதிப் பட்டியலில் இருந்தது. ஒரே பட்டியலில் இரு தமிழர்கள்! விருது ரகுமானின் ‘ஜெய் ஹோ’வுக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டின் முதல் மாதங்களில்தான் வன்னியில் இறுதிப்போர் நடந்துகொண்டிருந்தது. புகழின் உச்சியில் கிடைத்த ஒலிவாங்கியை அவர் அங்குள்ள பொதுமக்களைப் பற்றிப் பேசப் பயன்படுத்தினார். விடுதலைப் புலிகளைப் போற்றுகிறார் என்று பழி வந்தது. தாம் பேசுவது பொதுமக்களுக்காகவே என்று அவர் மறுத்தார். பின்னாளிலும் சர்ச்சைகள் ஓயவில்லை. 2012இல் அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சியில் விரல் காட்டியதற்கு வழக்கு வந்து, 2014இல் சமரசமானது. 2020இல் தடுப்பூசிக்கு எதிராக அவர் சொன்ன கருத்துகளை என்னால் ஏற்க இயலவில்லை. ஒருவரைப் படிப்பது என்பது அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது ஆகாது.

2019இல் பிரிட்டிஷ் அரசியாரின் பிறந்தநாள் பட்டியலில் அவருக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது. அதைத் தம் தாயாருக்காக ஏற்பதாகச் சொன்னார். அகதியாக வந்த அந்தத் தாய், அத்தகைய பதக்கங்களைத்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையால் தைத்து வந்தவர். ‘கலா’ என்ற தொகுப்பின் பெயருக்கு இதைவிட நல்ல உரை வேண்டியதில்லை.

ஓர் ஒப்பீடு: யோகி பி

இனி நம் நாட்டுக்கு வருவோம். ‘கலா’ வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 2006இல், மலேசியாவில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் ‘வல்லவன்’ வெளிவந்தது. அதற்கு முன் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் இருந்து 1998இலேயே ராப் தொகுப்பு வெளியிட்டவர் யோகி பி. ‘வல்லவன்’ தொகுப்பில் அவர் தமிழில் பாடினார். ‘நிழல்கள்’ (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாடலை எடுத்து அதன்மீது ராப் வரிகளை அமைத்தார். அது தமிழகம் வரை சென்றது. பின்னர் தமிழ்த் திரைப்படங்களே அவரை அழைத்தன.

இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். இருவரும் இளையராஜாவிடம் கை நீட்டினர். இருவருடைய வடிவமும் கறுப்பின அமெரிக்கர்களிடமிருந்து வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யோகி பி அயல் வடிவத்துக்குள் தமிழ்ச்சொல்லை வைத்தார். மாதங்கி அயல் சொல்லுக்குள் தமிழ் முழவை வைத்தார். ஒருவரிடம் மொழி தமிழ். மற்றவரிடம் ஒலி தமிழ். இயல், இசை, நாடகம் என்று மூன்றையும் தமிழ் என்றே வகுத்தவர்கள் நாம். அந்த வகுப்பின்படி இசைத்தமிழுக்குரிய கருவியை உலக மேடைக்கு ஏற்றியவரை வெளியே நிறுத்த முடியாது.

எங்கள் மண்ணில்

இந்த எண்ணம் எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. நான் புலாவ் செபாங்கைச் சேர்ந்தவன். மலாக்காவின் எல்லையில், தம்பினை ஒட்டிய சிற்றூர். இரயில் நிலையம் எங்கள் பக்கத்து மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் அதற்குத் தம்பின் என்றே பெயர். இப்போதுதான் எங்கள் ஊர்ப்பெயரும் பலகையில் சேர்ந்திருக்கிறது.

என் அண்ணன் பள்ளிக்குச் செல்லும் வயதில் நாங்கள் தோட்டத்தில் இருந்தோம். தமிழ்ப்பள்ளிக்குப் போக வண்டி வசதியில்லாததால் அருகிலிருந்த தேசியப் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். என் முறை வந்தபோது டவுனுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். நான் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றேன். அண்ணனுக்குத் தமிழ் பேச வரும்; எழுத்துக்கூட்டவும் வராது. ஆனால் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் என்றால் முன்வரிசையில் நிற்பவர் அவர். வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்து, மறுமுகத்தைத் தட்டி, அந்தத் தோல் உறுமத் தொடங்கும்போது கூட்டமே அசையும்.

படிவம் நான்கில் படிக்கும்போது, கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய மிதப்பில், உறவினர்கள் முன்னிலையில் அவரைப் பார்த்து, "எழுதப் படிக்கத் தெரியாதவன் என்ன தமிழன்!" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சில ஆண்டுகள் கழித்து ‘பர்ட் ஃப்ளூ’ பாடலை முதன்முதலில் நான் கணினியில் போட்டபோது, அடுத்த அறையிலிருந்து வந்து, "டேய், இது நம்ம உறுமிடா" என்றார். இரண்டு மூன்று அடிகளுக்குள் கண்டுபிடித்துவிட்டார். பாடுபவர் யார், எந்த நாட்டவர் என்று ஒன்றும் தெரியாது. பரிசு வாங்கிய என் காதுக்கு அது வெறும் இரைச்சலாகவே கேட்டிருந்தது.

மலாக்காவிலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து தங்கிய தமிழ் முன்னோரின் வழியினர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். ஆயினும் மாரியம்மன் திருவிழாவையும் முன்னோர் படையலையும் இன்றுவரை விடவில்லை. மொழி போன பிறகும் சடங்கு அவர்களைத் தாங்கி நிற்கிறது. அதே வேளையில், அவர்களிடம் இன்று தமிழ்க் கவிஞரோ கதாசிரியரோ இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. முழவு ஓர் இனத்தை நினைவில் வைத்திருக்கும்; அதன் எண்ணங்களை எழுதி வைக்க மொழிதான் வேண்டும்.

முடிவுரை

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் விடை இது: மாதங்கிக்கு நம் மலரில் இடம் உண்டு. மொழிக்கு மாற்றாக அன்று. மொழி எட்டாமற்போன இடத்திலும் தமிழ் எப்படித் தங்கியிருக்கிறது என்று காட்டுபவராக.

பேரவைக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் வருபவர்கள் ஏற்கெனவே தமிழ் படித்தவர்கள். நம் ஊர்களில் உறுமிக் குழுக்களில் இருக்கும் இளைஞர்களுள் எத்தனையோ பேர் என் அண்ணனைப் போன்றவர்கள். விடுமுறைக் காலத்தில் அவர்களிடம் சென்று, முதலில் அவர்கள் முழவைக் கேட்போம். பிறகு உயிரெழுத்தைச் சொல்லிக் கொடுப்போம். நாம் தலைகீழாகச் செய்து வந்ததால்தான் அவர்கள் நம் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று எண்ணுகிறேன்.

இக்கட்டுரையை என் அண்ணனால் படிக்க இயலாது. மலர் கைக்கு வந்ததும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்பையும் அப்போதே கேட்டுவிடுவேன்.